முனாப்பின் சட்டை

இல்ல பிறக்கிறாசி ஐயா, வெத்திலை பிறகு போடலாம், முதல் இந்தச் சட்டையப் பாருங்க. நீங்க கோட்டில பேச இந்தக் கேச எடுத்திருக்கிறீங்க எண்டபடியாலதான் வெளியில எடுத்தன். எட்டு வருசமா முகட்டுக்குள்ள சொருகிக் கிடந்தது. ஓம், முனாப்புடதான். குலைப்பன் காய்ச்சல்ல மவுத்தாகினான் எண்டு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எழுதிக் குடுத்தாரே, அவன்ட. காய்ச்சல் வந்தவன்ட சட்டை முதுகுப் பக்கம் இப்பிடியா கிழியும்? கறையப் பாருங்க.

அடக்கம் பண்ண முதல் நான்தான் அவனக் குளிப்பாட்டின. தென்னந்தோட்டத்தில கூலி வேல செஞ்சாலும், இந்தக் கரையில மையித்துக் குளிப்பாட்டத் தெரிஞ்சவன் இந்த ஆதம்பாவாதானே. தண்ணி ஊத்தித் திருப்பினா, அல்லாவே, முதுகில பிரம்படி படாத இடம் ஒரு சாண் இல்ல. மீன் புடிக்கக் களப்புக்குப் போற பாதைய அடைக்காதீங்க துரை எண்டு கேட்டான். அவ்வளவுதான் அவன் செஞ்ச குற்றம்.

மறுகா விசாரணை வந்தது. துரையும் ஊர் விதானையும் பக்கத்தில. மையித்துல என்ன கண்ட எண்டு கேட்டாங்க. ஒண்டுமில்ல எண்டு சொல்லிப்போட்டன். ஏனா? எங்கட ஆக்களுக்குள்ள ஒரு வழக்கம் இரிக்கி ஐயா, உங்கட ஆக்களுக்குத் தெரியாது. மையித்துல கண்டதக் குளிப்பாட்டினவன் வெளியில சொல்லப்படாது, மூடி வெக்கணும். அதையே புடிச்சிக்கிட்டு இருந்துட்டன். போன நோன்புக்குத்தான் பள்ளி லெப்பை ஏசினார். அட மடையா, மறைக்கச் சொன்னது அவன்ட குறைய, அடிச்சவன்ட அநியாயத்த இல்ல எண்டு.

சே, உங்களுக்கிட்டயும் ஏன் பொய். எனக்கு அது அப்பவே தெரியும். பயம், வேற என்ன. அவன்ட பொண்டாட்டி கைறுன்னிஸா பெட்டிசத்தையும் கொண்டு கவுண்மேந்துக் கச்சேரிக்கும் கோட்டுக்கும் நடந்து நடந்து தேஞ்சுபோனா. சாட்சி இல்ல எண்டு திருப்பித் திருப்பி அனுப்பினாங்க. சாட்சி இங்க வயிறு முட்டச் சோறு தின்னுக்கிட்டு இருந்தான். என்னக் கண்டா இன்னும், நீங்கதானே அவர நல்லபடி அனுப்பி வெச்ச எண்டு எனக்காக அல்லாக்கிட்ட துஆச் செய்யிறா.

என்ன? முன்பக்கம் காயமா? ஒண்டும் இல்ல. தென்னைய அணைச்சபடி கட்டினா முன்பக்கம் எப்பிடி அடி விழும்?

கட்டினது எனக்கெப்பிடித் தெரியுமா? ஆரும் சொல்லி அறியல்ல. கட்டினது நான். துரை கயித்த என்ட கையில தந்தார், கட்டிப்போட்டன். ஆதம்பாவா காக்கா, கை நோகுது, கொஞ்சம் இளக்குங்க எண்டு கேட்டான். இளக்கல்ல.

ஏன் எழுதுறத நிப்பாட்டிட்டீங்க? எழுதுங்க. உங்களோட வந்த கைறுன்னிஸா வாசல் படலையடியிலதானே நிக்கிறா, உள்ளுக்குக் கூப்பிடுங்க.