அப்பாவோடு ஓடும் போட்டி

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவரின் பிள்ளைகளும் ஒரே தொடக்கப் பள்ளியில் படிப்பது பேச்சில் தெரிந்தது. இளையவள் திடீரென்று கேட்டாள்:

"வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு உங்க வீட்டுக்காரரை அனுப்பி வைப்பீங்களாக்கா?"

"எதுக்கு?"

"விளையாட்டு விழாவுல அப்பாவும் பிள்ளையும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடணும்னு ஸ்கூல் குரூப்புல போட்டிருக்காங்களே. இவருக்குத் துபாய்ல லீவு கொடுக்கல. பாப்பா ஒண்ணாங்கிளாஸ் சேந்து மொத விழா. அப்பா வருவாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா."

"நீயே ஓடேன்."

"டீச்சர் சரின்னுட்டாங்க. அவதான் அழுவுறா. யாராவது ஒரு பெரியப்பா வந்தாக்கூடப் போதுங்கிறா."

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பி, நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"விழா இருக்குன்னே நான் அவருகிட்ட சொல்லல. போன வருஷம் குடிச்சிட்டு வந்து, பய கையைப் பிடிச்சபடியே மைதானத்துல விழுந்துட்டாரு. அப்புறம் அவன் ஸ்கூலுக்கே போவ மாட்டேன்னுட்டான். வெள்ளிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல்னு குரூப்புல போடப்போறேன்."

தஞ்சாவூர் வந்து எழுந்தபோதுதான் இளையவள் சொன்னாள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்னு நான் மொதல்ல போட்டுடுறேன்க்கா. நீங்க கொஞ்சம் கழிச்சுப் போடுங்க."