கெரெச்சியின் கடைசிக் கவிதை

— கடைசிக் கவிதை எங்க, பிரேமு?

— மொதல்ல உள்ள வாங்கக்கா. வெயில்ல வந்திருக்கீங்க. ஃபேனுக்கு அடியில நில்லுங்க.

— ஃபேனெல்லாம் வேணாம். கேக்குறேன்ல. அச்சாகி வந்த புத்தகத்தைப் பொரட்டினா கடைசிக் கவிதை இல்ல. என் முன்னுரையில பாதி இல்ல. அஸ்ஃபியா மொழிபெயர்ப்புன்னு மட்டும் அட்டையில பெருசா போட்டிருக்க. அந்த அஸ்ஃபியாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

— பக்கம் கூடிப்போச்சுக்கா. பதிப்பாளன்னு எனக்கும் சில கணக்கு இருக்கும்ல.

— கதை விடாத. பின்னாடி வெறுந்தாளு வுட்டிருக்க, கொழந்தைங்க படம் போடறதுக்கா?

— அது இல்லக்கா. சரி, நேராவே சொல்லிடுறேன். விதோர் கெரெச்சின்னா இங்க யாருக்குத் தெரியும்? ஹங்கேரி எந்தப் பக்கம் இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. மொத மொதல்ல தமிழ்ல கொண்டாறோம். படகோட்டி மகன், யுத்தத்துல செம்புச் சுரங்கத்துல அடிமை வேலை செஞ்சு தப்பிச்சவன், அம்பத்தாறுல புடாபெஸ்ட் தெருவுல ரஷ்ய டாங்கி நிக்கிறப்பவே நோட்டீஸ் குடுத்தவன். அட்டையில 'அடிபணியாத கவிஞன்'னு போட்டிருக்கேன். அந்தாளையே கடைசிப் பக்கத்துல காட்டிக் குடுத்தவன்னு சொன்னா எவன் வாங்குவான்?

— காட்டிக் குடுத்தான்ல?

— குடுத்தான். ஒரே ஒரு வாட்டி.

— ஆமா, ஒரு வாட்டிதான். மிக்லோஷைத் தூக்குல போட அது போதும். ரெண்டு பேரும் சேந்துதான் அந்த நோட்டீஸை அச்சடிச்சாங்க. போலீஸ் கேட்டப்ப இவன் கூட்டாளி பேரைச் சொல்லிட்டு வூட்டுக்கு வந்துட்டான். அதுக்கப்புறம் பல வருஷம் கொழந்தைப் பாட்டு மட்டும்தான் எழுதினான். வாத்து, ஆறு, பனி. பெரியவங்களுக்கு ஏன் எழுத மாட்டேங்குறாருன்னு யாருக்கும் புரியல. வயசாகி, சாவுறதுக்குக் கொஞ்ச நாள் முந்தி அந்தக் கவிதையை எழுதினான். இது இல்லாம என் புத்தகம் எந்த மொழியிலயும் வரக்கூடாதுன்னு சொன்னான். அதைத்தான் நீ கிழிச்சுப் போட்டிருக்க.

— கிழிக்கலக்கா. எடுத்தேன்.

— பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த ஒரு சொல்தா வீட்டை இடிக்கிறப்ப, குப்பையோட கெடந்த பிரெஞ்சுப் புத்தகம் அது. ஸ்கூல்ல பிரெஞ்சு நடத்திட்டு வந்து, ஒவ்வொரு வரியா உக்காந்து செஞ்சேன். எல்லாம் அந்தக் கடைசிக் கவிதைக்காகத்தான். ப்ரூஃப் இந்த மேசையிலதான் கெடக்கு. எடுத்து வாசி.

— வேணாங்கக்கா. உள்ள ஆளுங்க வேலை செய்யிறாங்க.

— அப்ப நான் சொல்றேன். 'என்னை யாரும் அடிக்கவில்லை, மிக்லோஷ். நாற்காலி தந்தார்கள். ரொட்டி தந்தார்கள். நான் உன் பெயரைத் தந்தேன்.'

— அக்கா, போதும்.

— 'எப்படி விட்டார்கள் என்று மனைவி கேட்டாள். பனியைப் பற்றிப் பேசினேன்.'

— போதுங்கறேன்ல. மார்க்கெட்டுக்காகத்தான் எடுத்தேன். வேற ஒண்ணும் கெடையாது.

— மார்க்கெட்டுன்னு இன்னொரு வாட்டி சொல்லாத. என் தம்பி ஆரிப்பு உன்கூட எது வரைக்கும் படிச்சான்?

— இப்ப எதுக்கு ஆரிப்பை இழுக்கிறீங்க?

— சொல்லு.

— காலேஜ் வரைக்கும்.

— சேதராப்பட்டுல கம்பெனிக் கழிவுத் தண்ணி கெணத்துல எறங்குதுன்னு ரெண்டு பேரும் சேந்துதான போராடினீங்க. கம்பெனி லாரி எரிஞ்ச அன்னிக்கு என் தம்பி தவளக்குப்பத்துல எங்க சாச்சி மவ நிக்காவுல பந்தி பரிமாறிக்கிட்டு இருந்தான். உனக்குத் தெரியுமா தெரியாதா?

— தெரியும்.

— மொதல்ல ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனது உன்னை. சாயங்காலமே நீ வூட்டுக்கு வந்துட்ட. மறுநாள் வந்து அவனைப் புடிச்சாங்க. உன் கூட்டாளிதான் பேரைச் சொன்னான்னு அவன்கிட்டயே சொல்லியிருக்காங்க. ஒரு வருஷம் உள்ள இருந்தான். கேஸ் நிக்கல, ஆனா வாத்தியார் வேலை போச்சு. இன்னிக்கு உழவர்கரையில வூடு வூடா ஏசி கழுவுறான். வெளிய வந்தவனை ஒரு நாள் வந்து பாத்தியா நீ? உன்னை அடிச்சாங்களா, பிரேமு?

— அக்கா...

— கேக்குறேன்ல. அடிச்சாங்களா?

— இல்ல. எங்கப்பா எந்த கவர்மெண்ட் ஆபீஸ்ல இருக்காருன்னு கேட்டாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு.

— அவ்வளவுதானா.

— அவ்வளவுதான். அப்ப இத்தனை நாளா எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுதான் எங்கிட்ட வந்தீங்க. சென்னையில எத்தனை பதிப்பகம் இருக்கு. என் கையாலயே அச்சடிக்க வச்சு, ஞாயித்துக்கிழமை வெளியீட்டு விழா மேடையில ஏத்தி, ஊரு முன்னாடி தலை குனிய வைக்கணும். அதுக்கு நேரா வந்து செருப்பால அடிச்சிருக்கலாம் நீங்க.

— நானா முடிவு பண்ணியிருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன். உன் மூஞ்சியைப் பாக்கவே எனக்கு இஷ்டம் கெடையாது. சென்னையில ஒருத்தர்கிட்ட பேசி முடிச்சும் வச்சிருந்தேன்.

— அப்புறம் ஏன் இங்க வந்தீங்க?

— அந்தக் கவிதையை மொதல்ல ஆரிப்புகிட்டதான் படிச்சுக் காமிச்சேன். திரும்பவும் படிக்கச் சொன்னான். அப்புறம், 'மிக்லோஷுக்குப் பதில் சொல்ல உசுரு இல்லாமப் போச்சு, எனக்கு இருக்கு. பிரேமுகிட்ட கொண்டு போய்க் குடு, மேடையில அவனே இதை வாசிச்சா நான் வந்து முன்னாடி உக்கார்றேன்'னான்.