என் காதின் சாவி எனக்கு வேண்டும்

பேச்சாளர்களைவிடத் தன் கைக்கடிகாரத்தையே அதிகம் நம்பும் மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! கருவி எது கண்ணில் பட்டாலும் அதன் வயிற்றைத் திறந்து, வழு எங்கே, வழி எங்கே என்று வலைபோட்டுத் தேடும் ஆய்வாளர் பெருமக்களே! அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றதனால், வீட்டில் ஒரு ரேடியோகூட உருப்படியாய் மிஞ்சாமல் போன தாய்மார்களே! என் காதுப்பெட்டியை விற்கும் நிறுவனத்தின் சார்பில் வந்து, 'இந்த அம்மா என்ன பேசித் தொலைக்கப் போகுதோ' என்று கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரி அவர்களே! உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

கைதட்டுகிறீர்கள். பார்க்கிறேன். ஆனால் கேட்கவில்லை.

என்ன, மைக் செட்காரர் கையைக் கீழே இறக்கிக் காட்டுகிறார்? சத்தம் அதிகமா? மன்னிக்க வேண்டும் தம்பி, இதோ தள்ளி நின்றுகொள்கிறேன். என் குரல் எவ்வளவு உயருகிறது என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

இந்த மாநாட்டில் இன்று பாராட்டுப் பெறுபவர் என் வீட்டுக்காரர். பேசச் சொன்னால் ஓடி ஒளிந்துகொள்வார். அதோ, கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், எப்போது வேண்டுமானாலும் நழுவலாம் என்று! கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரத்தை அந்த வாரமே பிரித்துப் போட்ட மனிதர். என் அம்மா அவருக்கு வைத்த பெயர் 'பிரிச்சு மேயுற மாப்பிள்ளை'. அவருக்கும் சேர்த்துப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்குத் தொழிலே மேடைதானே!

காய்ச்சலில் என் காது போனது. மருத்துவர்கள் மண்டைக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள்; காதுக்குப் பின்னால் ஒரு பெட்டியை மாட்டினார்கள். பெட்டி ஒலியை வாங்கும், உள்ளே இருப்பது அதை நரம்புக்குச் சொல்லும். மறுபடி மேடையேறினேன், மறுபடி முழங்கினேன். பிறகு, பெட்டி செய்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியது. ஒரு நாள் காலை, மாடிப்படியில் நின்று பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறேன், பாதிச் சொல்லில் உலகம் அணைந்துவிட்டது.

பெட்டியில் பழுதா? இல்லை. உள்ளே இருக்கும் கருவியில் பழுதா? அதுவும் இல்லை. பின்னே ஏன் ஊமையானது? அனுமதி முடிந்துவிட்டதாம்! பழைய வகைப் பெட்டிக்கு அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று புது முதலாளி முடிவெடுத்துவிட்டாராம்! அவையோரே, என் காது கேட்பதற்கு யாருடைய அனுமதி? என் பெயரை ஒருவர் கூப்பிட, அதை நான் கேட்க, எந்த அலுவலகத்தின் முத்திரை?

புதுப் பெட்டி வாங்கினால் ஆயிற்று என்பதுபோல் ஒருவர் முகத்தைச் சுளிக்கிறார். ஐயா, புதுப் பெட்டி பழைய கருவியோடு பேசாது. மண்டையை மறுபடி திறக்க வேண்டும். என் உடம்பு தாங்காது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் ஓடு உடைந்த பழைய பெட்டி ஒன்று இருந்தது. அதன் மூடியை நெம்பினார். பூதக்கண்ணாடி விளக்கின் கீழே, முடியைப் போன்ற கம்பிகளைப் பற்றவைத்தார். உள்ளே உறங்கிய நிரலை எண்களாக வெளியே இழுத்துத் திரையில் ஓடவிட்டார். தாய்மார்களுக்குச் சொல்கிறேன், தைத்த ரவிக்கையின் தையலைப் பிரித்து, துணியை எப்படி வெட்டினார்கள் என்று பார்ப்போமே, அந்த வேலைதான் இது. எங்களுக்கு மேசை போனது. அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

கடைசியில் கண்டுபிடித்தார். பக்கத்தில் எந்தப் போன் வந்தாலும் அந்தப் பெட்டி, 'யாருங்க அது?' என்று கேட்கும். ஆனால் பதில் வருவதற்கு முன்பே கதவைத் திறந்துவிடும்! அந்த ஓட்டை வழியாக உள்ளே போய், 'இந்த அம்மாவுக்கு அனுமதி இருக்கிறது' என்று என் பெட்டியின் நினைவில் ஒரு வரியை மாற்றினார். சட்டென்று ஒலி வந்தது. மாதக்கணக்கில் மௌனத்தில் கிடந்த என் காதில் விழுந்த முதல் சொல் எது தெரியுமா? "சனியனே!"

சிரிக்கிறீர்கள். மெஷினைத்தான் சொன்னேன் என்கிறார் இன்று வரைக்கும்.

ஆனால் ஒன்று. பெட்டியை அணைத்தால் அந்த வரி அழிந்துவிடும். நிரலையே நிலையாக மாற்ற நிறுவனத்தின் சாவி வேண்டும். அது நம்மிடம் இல்லை. ஆகவே தினமும் காலையில் போனை என் காதோரம் கொண்டுவந்து, ஓட்டை வழியாக நுழைந்து, என் நாளைத் திறந்துவைப்பார். "கேக்குதா?" என்பார். "கேக்குது" என்பேன். எங்கள் வீட்டில் அதற்குமேல் ஒரு காதல் வசனம் கிடையாது. இப்போது எதற்காவது நான் ஏங்குகிறேன் என்றால், அந்த ஒரு "கேக்குதா"வுக்காகத்தான் ஏங்குகிறேன்.

நிற்க. ஒரு நாள் காது மருத்துவமனைக்குப் போயிருந்தோம். காத்திருக்கும் கூடத்தில் பேட்டரி தீர்ந்து என் பெட்டி அணைந்தது. புதிதைப் போட்டேன். இவர் போனை எடுத்தார். அங்கே இருந்தவர்களில் பலர் காதில் அதே பெட்டி. அத்தனை பெட்டியும் போனில் வரிசையாகத் தெரிகிறது, எல்லாம் ஒன்றுபோல நீளமான எண்கள். அவசரத்தில் என் எண்ணுக்கு அடுத்த எண்ணை அழுத்திவிட்டார்; எனக்கான வரி வேறு யாருடைய பெட்டிக்குள்ளோ போய்விட்டது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எதிரே ஒரு பெண், தோளில் கைக்குழந்தை. குழந்தை வீறிட்டு அழுகிறது, வாய் தெரிகிறது. அவள் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தவள், தட்டுவதை நிறுத்தினாள். குழந்தையைத் தோளிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். அந்தச் சின்ன வாயையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே அந்தக் குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

இவர் பதறிப்போய்ச் சரிசெய்தார். என் காதும் திறந்தது. அவள் சொன்னாள்: "திடீர்னு எல்லாம் நின்னு போச்சுங்க. புள்ள வாய் மட்டும் அசையுது. உசுரே போயிடுச்சு எனக்கு." இவர் எழுந்து நின்று, "என் தப்பும்மா, நான்தான் மாத்தி அழுத்திட்டேன்" என்றார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இதைக் கம்பெனிக்கு எழுதி அனுப்பியாகணும்" என்றார்.

"அனுப்புனா ஓட்டையை அடைச்சிருவாங்க. அப்புறம் என் காது?"

"நான் தெரியாம அழுத்துனதுக்கே இப்படி. தெரிஞ்சே அழுத்துறவன் வந்தா?"

"ஊருக்கு நல்லது செய்ய என் காதுதான் கெடைச்சுதா உங்களுக்கு? கட்டுன பொண்டாட்டி பேசுறேன், கல்லு மாதிரி நிக்கிறீங்க!"

"நீ வேணாம்னு சொல்லு. நான் அனுப்பல."

பார்த்தீர்களா அவையோரே, பழியை என் தலையில் கட்டிவிட்டார் மனிதர்! நான் முறைத்தேன். பாத்திரத்தை நங்கென்று வைத்தேன், சத்தத்தையாவது கேட்டுக்கொள்வோமே என்று. ஆனால் அந்தக் குழந்தையின் வாய் கண்ணைவிட்டுப் போகவில்லை. மறுநாள், காபி ஆறிக்கொண்டிருந்தபோது, "அனுப்பித் தொலைங்க" என்றேன்.

நிறுவனம் ஓட்டையை அடைத்தது. திருத்திய நிரல் எல்லாப் பெட்டிகளுக்கும் வந்தது. நான் மட்டும் போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கலாமே என்பீர்கள். இருந்திருக்கலாம்தான். ஆனால் ஓட்டை இன்னதென்று இந்த மாநாட்டில் விளக்கப்போவதாக முன்பே அறிவித்துவிட்டார்கள். விளக்கிவிட்டால், கையில் போன் வைத்திருக்கும் எவனும் என் தலைக்குள் இரைச்சலை ஊற்றலாம். மேடையில் நிற்பவளுக்கு எதிரே எத்தனை போன்! நானேதான் போட்டுக்கொண்டேன்.

போடுவதற்கு முன் அவரிடம் கேட்டேன்: "கடைசியா எதாச்சும் சொல்லுங்க." திருதிருவென்று விழித்தார். "என்ன சொல்றது?" "எதாச்சும்!" சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "குழாய் சொட்டுது. வாஷர் மாத்தணும்."

சிரித்தேன், அழுதேன், பொத்தானை அழுத்தினேன். இன்று வரை அந்த வாஷரை மாற்ற நான் விடவில்லை. என் காது திரும்பும் நாளில் அது சொட்டுகிற ஓசையைக் கேட்டாக வேண்டும் எனக்கு.

அறிஞர் பெருமக்களே! ஓட்டையைத் தேடுங்கள், ஓயாமல் தேடுங்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள்! அடைக்க வேண்டியதை அடைத்தே ஆகவேண்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அடைத்தவர்களைப் பார்த்துக் கேளுங்கள்: திருடன் நுழையும் ஓட்டையை மூடினீர்களே, வீட்டுக்காரி நுழைய வாசல் எங்கே? என் தலைக்குள் இருக்கும் கருவிக்கு என்னிடம் சாவி இல்லை என்றால், அந்தத் தலை யாருடையது? அந்த இளந்தாயின் பெட்டிக்கும் ஒரு நாள் அனுமதி முடியும். அவள் பிள்ளை அப்போது பேசத் தொடங்கியிருக்கும். 'அம்மா' என்று அது அழைக்கும்போது, அவள் காதின் சாவி யார் மேசை இழுப்பறையில் கிடக்கும்?

எல்லோரும் எழுந்து நிற்கிறீர்கள்! உட்காருங்கள், உட்காருங்கள். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும்.

அதிகாரி அவர்களும் எழுந்துவிட்டார். ஏதோ சொல்கிறார். நீங்கள் கைதட்டுவதைப் பார்த்தால் நல்ல வார்த்தை போலத்தான் இருக்கிறது. ஐயா, வாயால் சொன்னால் எனக்குக் கேட்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சாவியைத் தருகிறோம் என்றால் அதை எழுத்தில் கொடுங்கள், கையெழுத்தோடு கொடுங்கள், தேதியும் போட்டுக் கொடுங்கள்!

தலைவர் கடிகாரத்தைத் தட்டுகிறார். முடித்துவிட்டேன் ஐயா, முடித்தே விட்டேன். பொறுமையாய்க் கேட்ட பெருமக்களுக்கும், எனக்காகக் கையை ஏற்றி இறக்கிய மைக் செட்காரத் தம்பிக்கும் என் நெஞ்சார்ந்த...

ஒரு நிமிடம். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் எழுந்து நிற்கிறார். கதவுப் பக்கம் போகவில்லை. வாய் அசைகிறது. இத்தனை பேருக்கு நடுவே அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. நீளமாய் ஏதோ சொல்கிறார். உங்களில் பாதிப்பேர் திரும்பிப் பார்க்கிறீர்கள், முன்வரிசையில் இருக்கும் இந்த அம்மா கண்ணைத் துடைக்கிறார்கள்.

வேண்டாம் தம்பி, எழுதிக் காட்டாதீர்கள். அந்தத் தாளை மடித்து வையுங்கள். இதை மட்டும் நான் எழுத்தில் வாங்கிக்கொள்ள மாட்டேன். என்னங்க, என்ன சொன்னீங்களோ அதை அப்படியே மனசுல வச்சிருங்க. சாவி வந்த அன்னைக்குக் காலையில மறுபடி சொல்லுங்க.

உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. நலமாய் வீடு போய்ச் சேருங்கள். போனதும் உங்கள் வீட்டில் இருப்பவர்களோடு கொஞ்சம் பேசுங்கள். வணக்கம்.