நடுவில் ஒரு வெள்ளைக் கோடு

மாதத்துக்கு ஓரிரு தாள்தான் அடிப்பீர்கள் என்றால் இங்க் பிரிண்டர் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள், சார். விலை குறைவு என்று கடையில் ஆசை காட்டுவார்கள். சும்மா கிடந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வதிலேயே பாதி மை தீர்ந்துவிடும். கருப்பு மட்டும் அடிக்கிற லேசர் ஒன்று வாங்கிப் போடுங்கள். அதில் இருப்பது பொடி, எத்தனை மாதம் கிடந்தாலும் காயாது. வாங்கும்போது கொஞ்சம் கையைக் கடிக்கும், அவ்வளவுதான். சர்வீஸ் கடையிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன்.

கேட்டவர்கள் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். டீச்சருக்கு மட்டும் மாற்றிச் சொன்னேன்.

டீச்சர் எனக்கு எதிர்வீடு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் வெளிநாட்டில். காது மந்தம். போனில் ஒன்று கேட்டால் வேறொன்றுக்குப் பதில் சொல்வார். அதனால் எந்த மாத்திரை, எந்த வேளை, எவ்வளவு என்று டாக்டரிடம் மகளே போனில் கேட்டு, பெரிய எழுத்தில் தட்டி மாதாமாதம் அனுப்புவாள். அதை அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்து, அதில் இருக்கிறபடி டீச்சர் விழுங்குவார். அந்தத் தாள்தான் அவருக்கு வேதவாக்கு.

"மாசத்துக்கு ஒரு தாள்தான் தம்பி. எது வாங்கலாம்?" என்று கேட்டார். இங்க் பிரிண்டர் வாங்கிக் கொடுத்தேன். கமிஷனுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் புத்தி எனக்குக் கிடையாது.

என் வீட்டைச் சோதனை போட்டீர்களே, என்ன கிடைத்தது? ஒரு தட்டு, ஒரு டம்ளர். கடையிலிருந்து வந்த பிறகு நான் வாயைத் திறப்பது கொட்டாவி விடத்தான். தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, சார். பழகிவிடும் என்கிறார்கள். பழகவில்லை.

நினைத்தபடியே மாதாமாதம் மை காய்ந்தது, டீச்சர் என் கதவைத் தட்டினார். "மறுபடியும் வரிவரியா வருது தம்பி. உன்னைப் போட்டுப் படுத்தி எடுக்கறேன்."

"நமக்குள்ள என்ன டீச்சர்" என்று எழுந்து போவேன். சட்டென்று முடிகிற வேலையைச் சாயங்காலம் வரை இழுப்பேன். டீ போட்டுத் தருவார். காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கப் பேசுவார், பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும். சாப்பிட்டாயா, ஏன் இளைத்துவிட்டாய், இருமல் நின்றதா என்று அதட்டுவார். என்னை அதட்ட இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை.

பிறகு மகள் லீவில் வந்தாள். நெட்டில் எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு, என்னைக் கேட்காமலே லேசர் வாங்கிவிட்டாள். "அம்மா உங்களை ரொம்பத் தொந்தரவு பண்றாங்க அண்ணா. நீங்களே மாட்டிக் கொடுத்துடுங்க. இது மக்கர் பண்ணாதுல்ல?"

"பண்ணாதும்மா. கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்."

அதை அப்படியே அம்மாவின் காதில் கத்திச் சொன்னாள். டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா, தம்பிக்கு இனிமே விடுதலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மகள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு என் கதவை யாரும் தட்டவில்லை. மாடிப்படியில் பார்த்தால், "பிரமாதமா அடிக்குது தம்பி" என்பார், போய்விடுவார். கடை விட்டு வந்து என் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் பொடி சரிபார்க்க வேண்டும் என்று நானாகவே போனேன். டீச்சர் டீ போட உள்ளே போனதும், லேசர் ஒளி வெளியே வருகிற கண்ணாடியில் ஒரு துணுக்கு டேப்பை ஒட்டினேன். ஒளி மறைகிற இடத்தில் எழுத்து விழாது. தாளின் நடுவே மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒரு கோடு விழும். அதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் ஆளைக் கூப்பிடுவார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

டீச்சர் கூப்பிடவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஃப்ரிட்ஜில் புதுத் தாள் இருந்தது. ரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற மருந்துக்கு நேரே, 'இனிமேல் காலையில்' என்று இருந்தது. பிறகு வெள்ளை. பிறகு 'மாத்திரை'. வைஃபை பார்க்கிறேன் என்று டீச்சரின் போனை வாங்கி, மகள் அனுப்பியதைப் படித்தேன். விட்டுப்போன சொல் 'அரை'. டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார். டீச்சர் பழையபடி முழுசாகவே போட்டுக்கொண்டிருந்தார்.

"நடுவுல கொஞ்சம் வெளுப்பா இருக்கு தம்பி. லேசர்னா அப்படித்தான் போல. நீதான் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு சொன்னியே" என்றார்.

சரிபண்ணித் தா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் சொல்லியிருப்பேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். முன்பெல்லாம் என்றால் கேட்டிருப்பார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் அவரைப் பார்த்தேன், மறைக்கவில்லை. கையில் அங்கங்கே கன்றிப்போயிருந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்றார். எதனால் என்று எனக்குத் தெரியும். பார்த்து நடங்க டீச்சர் என்றேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லையாம், ஆனால் தலைக்குள் ரத்தம் நிற்கவே இல்லை என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். கொன்றாயா என்று கேட்கிறீர்கள். தெரிந்தே சும்மா இருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

டேப்பை ஏன் எடுக்கவில்லை என்பதுதான் உங்களுக்குப் புரியவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டுச் சாவி என்னிடம்தான் இருந்தது. தடயத்தை அழிக்க வேண்டுமென்றால் அழித்திருக்கலாம். தாளை மாற்றியிருக்கலாம். ஆனால் டேப்பை எடுத்தால் பிரிண்டர் சரியாகிவிடும், சார். டீச்சர் பிழைத்து வந்தால் இந்தத் தடவையாவது என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன்.