சிரிப்பு மன்றத்தை நான் இடம் மாற்றிய விதம்

சிரிப்பின் மீது எனக்கு எந்தப் பகையும் கிடையாது, மேடம். வீட்டில் நானும் சிரிப்பவன்தான். என் மனைவி உஷாராணியைக் கேட்டுப் பாருங்கள், போன தீபாவளிக்குக்கூட ஒரு தடவை சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியில் என்னைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள்.

கிள்ளானில் விஸ்மா மெலூர் என்ற பழைய கடைக் கட்டடத்துக்கு நான் நிர்வாகி. எழுபதுகளில் கட்டியது. கீழே ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். முதல் மாடியில் என் அலுவலகம். எனக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியின் முன்கூடத்தில், மூத்தோர் சிரிப்பு மன்றம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் காலையில் ஒன்றுகூடி, காரணமே இல்லாமல் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். உடம்புக்கு நல்லதாம். அதில் வகைகள்கூட உண்டு. டோல் சாவடியில் கையை நீட்டுவதுபோல் நீட்டிச் சிரிப்பது ஒன்று. ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளை உதைப்பதுபோல் உதைத்து உதைத்துச் சிரிப்பது ஒன்று. இரண்டாவது வகை நடக்கும்போது என் மேசையில் இருக்கும் தேநீர் தானாகக் கலங்கும். கீழே பல் பிடுங்க வந்தவர்கள் தங்களைப் பார்த்துத்தான் மேலே சிரிக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து போயிருக்கிறார்கள்.

மன்றத்தின் தலைவி மாரியாயி. பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்த குரலை இப்போது சிரிப்பதற்குப் பயன்படுத்துகிறார்.

ஒருநாள் நான் மேலே போய்க் கதவைத் தட்டி, மிகவும் மரியாதையாகக் கேட்டேன்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா சிரிக்க முடியுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் விடாமல் சிரித்தார்கள். மாரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இன்னொரு தடவ அதே மாதிரி சொல்லுங்க லா. பயிற்சிக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

மறுநாளிலிருந்து ஒரு புது வகை சேர்ந்தது. யாராவது ஒருவர் மூக்கால் பேசி, "அக்கா, மெதுவா சிரிக்க முடியுமா" என்பார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்கு 'நிர்வாகிச் சிரிப்பு' என்று பெயர். நான் மூக்கால் பேசுகிறவன் இல்லை, மேடம். நீங்களே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளி கட்டடத்தைப் புதுப்பிக்க நினைத்து, அதற்கு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு செய்யச் சொன்னார். ஆய்வுக்காரர் ஜெயராஜ் செமினியிலிருந்து வந்தார். பொறுமையான மனிதர். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சந்தேகப்பட்ட இடத்தில் எல்லாம் தண்ணீர் தெளித்து, காசளவு சுரண்டி, பையில் போட்டு மூடி, சுரண்டிய இடத்தையும் பூசி அடைத்தார். முடிவு வந்தபோது கட்டடம் முழுக்க ஒரே ஓர் இடத்தில்தான் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இரண்டாம் மாடியின் பின்கூடம். யாரும் பயன்படுத்தாமல் பூட்டிக் கிடந்தது. அதன் சீலிங் பலகைகள்.

"அண்ணே, பயப்பட ஒண்ணும் இல்ல," என்றார் ஜெயராஜ். "பலக நல்லா இருக்கு. அது பாம்புப் புத்து மாதிரி. நீங்க கைய விடாத வரைக்கும் அது பாட்டுக்குக் கெடக்கும். துள போடாதீங்க, தேய்க்காதீங்க, ஒடைக்காதீங்க. தூசு பறந்துச்சுன்னா அது நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கும், வெளிய வராது."

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார். 'ஆபத்து, ஆஸ்பெஸ்டாஸ்' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. "இத எடுத்துராதீங்க. வேலைக்கு வர்றவங்க இதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவாங்க. வாயாலயும் சொல்லிருங்க. அது உங்க பொறுப்பு" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்த ஸ்டிக்கரின் சக்தியை நான் அடுத்த சில நாட்களில் பார்த்தேன். தண்ணீர்க் கலன் கொண்டுவந்தவர் அதைப் படித்துவிட்டு, கலனை மாடிப்படியிலேயே வைத்துவிட்டுப் போனார். மின்கணக்கு எடுக்க வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மேடம், இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் நான் மாட்டாத அறிவிப்பு இல்லை. 'இங்கே நிறுத்தாதீர்' என்று எழுதிய பலகையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டுப் போகிறார்கள். என் பேச்சுக்கு இல்லாத மரியாதை ஒரு துண்டு மஞ்சள் காகிதத்துக்கு இருந்தது. எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் இவ்வளவு சக்தியுள்ள ஒரு பொருள், யாருமே நுழையாத ஓர் அறையின் கதவில் வீணாகிக்கொண்டிருந்தது.

அதனால் அதை எடுத்தேன். கிழியக்கூடாது என்பதற்காக உஷாராணியின் முடி உலர்த்தியைக் கொண்டுவந்து, சூடு காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். பிறகு சிரிப்பு மன்றத்தின் கதவில் ஒட்டினேன். எச்சரிக்கை கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை. அதே மாடிதான். பின்னால் இருந்தது முன்னால் வந்தது, அவ்வளவுதான்.

மன்றத்தார் வந்தார்கள், படித்தார்கள், முதல் தடவையாகச் சத்தம் போடாமல் என் அலுவலகத்துக்கு இறங்கி வந்தார்கள். இனி வேறு கட்டடம் தேடிப் போய்விடுவார்கள் என்று நான் நினைத்தேன். மாரியாயியை நான் சரியாக எடைபோடவில்லை.

"தம்பி, நாங்க எங்கயும் போறதா இல்ல. பின்னால ஹால் சும்மாதான கெடக்கு? அந்தக் கதவுல ஒண்ணும் ஒட்டலயே" என்றார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அங்கே போகாதீர்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் ஸ்டிக்கர் எங்கே என்று கேட்பார். பேச்சு நீண்டுகொண்டே போகும். சாவியைக் கொடுத்தேன். பூட்டு கொஞ்சம் இறுக்கம், அழுத்தித் திருப்ப வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு வந்த நாட்கள் என் வாழ்க்கையில் இனிமையானவை. பின்கூடத்துச் சத்தம் என் மேசைக்கு வரவில்லை. தேநீர் கலங்கவில்லை. சுவர்க்கடிகாரம் ஓடுகிற ஓசையை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

ஆனால் பின்கூடத்தில் காற்று இல்லை. சிரித்தால் வேர்க்கும். வேர்த்தால் சிரிப்பு குறையும். மன்றத்தார் தாங்களாகவே சீலிங் ஃபேன்கள் வாங்கினார்கள். அவற்றை மாட்டப் பக்கத்து ஊரான மேருவிலிருந்து லோகன் என்ற ஒயரிங் வேலைக்காரர் வந்தார். சுறுசுறுப்பான ஆள், சின்னக் குழந்தை இருக்கிறதாம். அவர் வந்த அன்று நான் இடத்தில் இல்லை. நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். பலகைகளில் துளை போட்டபோது வெள்ளைத் தூள் மாவுபோலக் கொட்டியிருக்கிறது. ஓர் அம்மாவின் தலை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதைப் பார்த்து எல்லாரும் நெடுநேரம் சிரித்தார்கள். பிறகு துடைப்பத்தால் கூட்டினார்கள். கூட்டும்போது பறந்த தூளைப் பார்த்து மறுபடியும் சிரித்தார்கள். சிரிப்பதற்கு முன்னால் மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுக்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி. ஃபேன்களும் நன்றாகச் சுற்றின. கூடத்தின் எல்லா மூலைக்கும் காற்று சமமாகப் போனது.

அந்த வாரத்திலேயே ஜெயராஜ் திரும்ப வந்தார். ஆய்வு செய்த இடத்தை மறுபடி வந்து பார்ப்பது அவர் பழக்கமாம். எனக்கு அது தெரியாது. என் அலுவலகத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் காதைத் தீட்டினார்.

"அண்ணே, பின்பக்கம் யாரோ சிரிக்கிற மாதிரி இல்ல?"

"கட்டடம் பழசு, அப்படித்தான் கேக்கும்" என்றேன்.

அவர் நம்பவில்லை. மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். நானும் பின்னால் போனேன், என் முழங்கால் அனுமதித்த வேகத்தில். முன்கூடத்துக் கதவில் தன் ஸ்டிக்கரைப் பார்த்தார். பின்கூடத்தில் சுற்றும் ஃபேன்களைப் பார்த்தார். தரையில் ஓரமாக ஒதுக்கியிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தார். அவர் முகமும் ஏறக்குறைய அதே நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஃபேன அடைங்க. யாரும் கூட்டாதீங்க. கைப்பைய எடுக்காதீங்க, அப்படியே வெளிய வாங்க" என்றார்.

பிறகு நடந்தது உங்கள் விசாரணை அறிக்கையிலேயே இருக்கும். கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு, மன்றத்தாரை ஒவ்வொருவராகத் துடைத்து, வெள்ளைக் காகித உடுப்பு மாட்டி வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒருவரையொருவர் பார்த்ததும் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகக்கவசத்துக்குள் சிரித்தால் வாத்து கத்துவதுபோல் கேட்கிறது. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். தெருவில் போனவர்கள் ஏதோ விளம்பரப் படம் எடுக்கிறார்கள் என்று நின்று கைப்பேசியில் பதிவு செய்தார்கள்.

மாரியாயி மட்டும் சிரிக்கவில்லை. காகிதத் தொப்பியோடு என்னிடம் வந்து நின்றார். பள்ளிக்கூடக் குரலில் பேசினார்.

"தம்பி, லோகன் வேல ஆரம்பிக்கிறதுக்கு முன்னால உங்கள கேட்டானா, கேக்கலயா?"

"கேக்கல அக்கா" என்றேன்.

அந்த ஒரு சொல்லால் பழி லோகன் மேல் போனது. கேட்காமல் துளை போட்டவன் என்று பெயராகி, அவருக்கு வந்துகொண்டிருந்த மற்ற வேலைகளும் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். மருத்துவமனையில் அவருக்கும் மன்றத்தாருக்கும் நெஞ்சைப் படம் எடுத்திருக்கிறார்கள். இப்போது ஒன்றும் தெரியாதாம். வருடா வருடம் வந்து பார்க்க வேண்டுமாம். அநேகமாக ஒன்றும் ஆகாது என்று ஜெயராஜ் சொன்னார். 'அநேகமாக' என்பதை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

சரி, லோகனுடைய கைப்பேசியை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பதால் நான் சுற்றி வளைக்கவில்லை. அவர் கேட்டார். அன்று காலையில் கூப்பிட்டு, "பாஸ், சீலிங் பலக ரொம்பப் பழசா இருக்கே, உள்ள ஏதும் இருக்கா? துள போடலாமா?" என்று தெளிவாகவே கேட்டார்.

"போடுங்க" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பொறுப்புள்ளவன். அந்தத் தூசால் நோய் வருவதாக இருந்தாலும் வர இருபது, முப்பது வருடம் ஆகும் என்று ஜெயராஜே சொல்லியிருந்தார். மன்றத்தில் எல்லாருக்கும் வயது எழுபதை ஒட்டி. கூட்டிப் பார்த்தேன். அவர்களுக்கு அது ஒரு பிரச்சினையாக வருவதற்கு நேரம் பற்றாது. லோகனுக்கு வயது குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் ஏற்கெனவே சிகரெட் பிடித்து இருமிக்கொண்டிருப்பவர். புதிதாக இருமல் வந்தாலும் வித்தியாசம் தெரியாது. எல்லாப் பக்கமும் பார்த்துத்தான் முடிவு செய்தேன். இதற்குப் பெயர்தான் ஆபத்து மேலாண்மை என்று நினைக்கிறேன்.

எதிர்க் கடையின் கேமராவில் நான் அன்று காலை என் மேசை நாற்காலியோடு சாலையைக் கடப்பது தெரிகிறது என்கிறீர்கள். உண்மைதான். லோகன் துளைக்கருவியை எடுப்பதற்கு முன்னாலேயே நான் போய்விட்டேன், மறுநாள்தான் எல்லாவற்றையும் அலுவலகத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். அன்று காலையே இரண்டாவது தடவை வந்தது என் மீன் தொட்டிக்காக. அதையும் மறைக்கவில்லை. கனமான தொட்டி, தண்ணீர் சிந்தாமல் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போனேன். மேலே ஒரு துணி போட்டு மூடியும் இருந்தேன். அவை வாயைத் திறந்து திறந்து மூடுகிற உயிர்கள். அந்தத் தூசு உள்ளே போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது, மேடம்.