ஒரு பயணமும் நிற்கக் கூடாது

மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் ஐயா. எனக்கு வெயில் பழக்கம். தென்னேரியில் நெல் விளைத்த குடும்பம்.

அப்பா காஞ்சிபுரத்துக்கு வந்து பட்டு வியாபாரம் தொடங்கினார். நான் அந்தப் பட்டை விமானத்தில் ஏற்றினேன். பழைய விமானம் ஒன்றை வாங்கி, மீனம்பாக்கத்திலிருந்து பெங்களூருக்குப் புடவைப் பெட்டிகளை அனுப்பினேன். பிறகு ஆட்களும் போனார்கள். ‘பாலாறு ஏர்வேஸ்’ என்று பெயர் வைத்தபோது, தண்ணீர் ஓடாத ஆற்றின் பெயரா என்று ஊரில் சிரித்தார்கள்.

வெளிநாட்டுப் பெரிய விமானக் கம்பெனி ஒன்று சிரிக்கவில்லை. சென்னையில் வந்து இறங்கும் தன் பயணிகளை எங்களிடம் ஒப்படைக்கச் சம்மதித்தது. விமானம் கட்டுகிற கம்பெனியோ பழையதற்குப் பதிலாகப் புது விமானம் ஒன்றையே ஓட்டிப் பார்க்கத் தந்தது. அந்தக் கம்பெனி மேலாளர் வந்தபோது அவர் மனைவிக்கு அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை கொடுத்தேன். அந்தம்மா அதை வெட்டி ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டதாகக் கேள்வி. நான் வருத்தப்படவில்லை. உறவுதான் முக்கியம்.

இரண்டு கம்பெனிக்கும் ஒரே நிபந்தனை. ஓராண்டுக்கு ஒரு பயணமும் நிற்கக் கூடாது. நின்றால் ஒப்பந்தம் இல்லை.

ஆண்டு முடியப் போகும் சமயத்தில் விமானி தனசேகரன் வந்தான். என் மனைவி காந்தாவின் தம்பி. நான்தான் படிக்க வைத்தேன்.

“மாமா, வலது என்ஜின்ல எண்ணெய் பம்பு சத்தம் போட்டுக்கினு இருக்குது. புதுசு மாட்டாம நான் எடுக்க மாட்டேன்.”

புது பம்பு கப்பலில் வந்துகொண்டிருந்தது. மெக்கானிக் யேசுதாஸும் அதையேதான் சொன்னான். இருவரும் நல்ல பிள்ளைகள். நல்ல பிள்ளைகளுக்கு வியாபாரம் புரிவதில்லை.

யேசுதாஸுக்கு வாலாஜாபாத்தில் தங்கை கல்யாணம். பம்பு வரும்வரை விமானம் கொட்டகையில்தான் நிற்கும், நிம்மதியாகப் போய் வா என்று அனுப்பினேன். மறுநாள் காலை தனசேகரனிடம், பம்பு மாற்றியாகிவிட்டது என்றேன்.

“அதான் இன்னும் வரலன்னாங்களே மாமா?”

“வேற கம்பெனிக்காரங்க கிட்ட கேட்டு வாங்கினேன்பா. மாட்டி முடிச்சிட்டுத்தான் யேசுதாஸ் ஊருக்குப் போனான்.”

“நீங்க சொன்னா சரி மாமா.”

தரையை விட்டு எழும்பியதும் வலது என்ஜின் நின்று விமானம் விழுந்தது. தனசேகரனும் பயணிகள் எட்டுப் பேரும் போய்விட்டார்கள். அன்று மாலை இரண்டு கம்பெனிக்கும் தந்தி கொடுத்தேன். விமானம் புறப்பட்டது உண்மை, ஆகவே பயணம் நின்றதாகக் கொள்ள முடியாது என்று. இன்னும் பதில் இல்லை.

பம்பை மாட்டியதாக யேசுதாஸ் என்னை ஏமாற்றினான் என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். பொய். அவன் அப்போது தங்கைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான். அவனை விட்டுவிடுங்கள். பழுது தெரிந்தும் விமானத்தை அனுப்பியவன் நான்தான். எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் நம்பினேன்.

அப்படியானால் காந்தாவை ஏன் தடுத்தாய் என்கிறீர்கள். உண்மைதான், அவள் தம்பியோடு பெங்களூர் போவதாக இருந்தாள். ஏறும் நேரத்தில் எனக்கு மார்பு வலிக்கிறது என்றேன். வலி ஒன்றும் இல்லை. விமானம் பார்க்கவென்று எங்களோடு வந்திருந்த பக்கத்து வீட்டுச் சம்பூர்ணத்தை அவள் இடத்தில் ஏற்றினேன். காலியாகப் போவானேன்.

“மேல போனா நம்ம ஊர் கோபுரம் தெரியுமாண்ணா?” என்று கேட்டாள்.

“தெரியும்மா. ஜன்னல் ஓரமா உக்காரு.”

இதையெல்லாம் காந்தாதான் உங்களிடம் வந்து சொன்னாளாம். சொல்லட்டும். சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அன்றைக்கு நான் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் ஐயா. அதற்கு அவள் இன்றுவரை எனக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.