வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்

மெஷின் நல்ல மெஷின். இன்ஸ்பெக்டர், முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு டிரெட்மில் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். நான் பிசிக்ஸ் டீச்சர், கடைக்காரர்கள் அளப்பதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒன்றில் பெல்ட் குறுகல்; என் கணவர் வெங்கடரமணன் காலை அகட்டி நடப்பார், ஒத்துவராது. இன்னொன்று ஸ்விட்சைப் போட்டதுமே மாவு மில் மாதிரி சத்தம். இந்த அமெரிக்க மெஷின் மட்டும்தான் மிக்ஸி அளவுக்குக்கூட இரையவில்லை. விலை தலையைச் சுற்ற வைத்தது, ஆனால் ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்றார்கள்.

அதைக் கொண்டுவந்து பொருத்தியவர் மெஹபூப் அலி. அவரை நீங்கள் தினமும் ஸ்டேஷனில் உட்கார வைக்கிறீர்கள். நேற்று அவர் மனைவி சகினா இடுப்பில் குழந்தையோடு மயிலாப்பூரில் எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். “ஜாக்கிரதையா இருக்கணும்னு அவரு சொன்னாரா இல்லியான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்மா” என்றாள். சொன்னார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் கணவருக்குப் போன வருஷம் லேசாக அட்டாக் வந்தது. நிதானமாக நடந்தால் போதும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து விடிந்ததும் நாகேஸ்வர ராவ் பார்க்குக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு அடிவயிற்றில் பயம் ஆரம்பிக்கும். வெறும் கவலை இல்லை, பயம். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், அடுப்பை அணைக்க வராது. ஒருநாள் அவர் வர நேரமாயிற்று. ஓடினேன். லஸ் கார்னரில் பஸ் யாரையோ அடித்துப்போட்டிருந்தது. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஒரு செருப்பு மட்டும் தெரிந்தது. அவருடையது மாதிரியே பழுப்புச் செருப்பு. அது யாரோ ஒருவர். இவர் சிநேகிதர்களோடு காபி சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். நான் அன்று முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தேன். கேட்ட மகன் சாய்நாத்திடம் ஜுரம் என்றேன்.

அதன் பிறகுதான் மெஷின் பார்க்கப் போனேன்.

அதில் ஒரு சாவி உண்டு. சாவியில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கிளிப். நடக்கிறவர் கிளிப்பைத் துணியில் மாட்டிக்கொள்ள வேண்டும். தவறிப் பின்னால் சரிந்தால் சாவி பிடுங்கிக்கொண்டு மெஷின் நின்றுவிடும். என் கணவர் வீட்டில் வேட்டியோடு சரி, சட்டை போட மாட்டார். சிரித்துக்கொண்டே கிளிப்பைப் பூணூலில் மாட்டிக்கொண்டார். மெஹபூப் அலி பதறிவிட்டார். “நூல்ல வேணாம் சார், அறுந்துடும். பனியன் போட்டுக்கினு அதுல மாட்டுங்க. அம்மா, நீங்க பாத்துக்குங்க.”

நான் பார்த்துக்கொண்டேன். மூன்று நாள் பனியனோடு நடந்தார். பிறகு சலித்துப்போயிற்று.

“ஆத்துக்குள்ளேயே நடந்துண்டிருந்தா நடக்கற மாதிரியே இல்லடி, ஜெயா. நாளைலேர்ந்து பார்க்குக்கே போறேன். இதைத் திருப்பி எடுத்துண்டு போகச் சொல்லிடு.”

“இன்னிக்கு மட்டும் நடங்கோ. அப்பறம் உங்க இஷ்டம்” என்றேன்.

அவருடைய பனியன்களையெல்லாம் சோப்பில் ஊற வைத்திருந்தேன். ஆவணி அவிட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. பூணூல் மாற்றி ஒரு வருஷம் ஆகப்போகிறது, வியர்வையில் நைந்து கிடந்தது. என் கணக்கு சின்னக் கணக்குதான், இன்ஸ்பெக்டர். லேசாக ஒரு விழுகை. காலில் ஒரு மாவுக்கட்டு. மூன்று மாசம் என் கண் முன்னால் கட்டிலில் இருப்பார், நான் நிம்மதியாகத் தூங்குவேன். கெட்ட எண்ணம் எனக்குக் கிடையாது.

பக்கத்தில் நின்று வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். விளையாட்டு என்று நினைத்தார். இன்னும் கூட்டினேன். வேட்டி காலில் தட்டியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஜெயா, போறும், நிறுத்து” என்றார். நிறுத்தவில்லை என்றதும் என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. நான் தினமும் படுகிற பயம்தான் அது, அவர் முகத்தில் அன்றுதான் வந்தது. கால் வழுக்கிப் பின்னால் சரிந்தார். கிளிப் மாட்டியிருந்த பூணூல் அறுந்தது. சாவி இருந்த இடத்திலேயே இருந்தது. எங்கள் தெருவில் கரண்ட் போகாத நாளில்லை, அன்றைக்குப் பார்த்துப் போகவில்லை.

நான் பதறிப்போனதால் கை ஓடவில்லை என்று எழுதட்டுமா என்று கேட்டீர்கள். அப்படி எழுதினால் பொய். சாவி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் கைப்பிடியை விடவே இல்லை. முழங்கால் பெல்ட்டில் தேய்கிறது, மூச்சு இழுக்கிறது, என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆனால் கால் இன்னும் உடையவில்லை. பாதியில் நிறுத்தினால் மறுநாள் பார்க்குக்குப் போய்விடுவார். அதனால் இன்னொரு தடவை பொத்தானை அழுத்தினேன்.

கால் உடையவே இல்லை. நெஞ்சுதான் நின்றுபோயிற்று.

ரோட்டில் அநாதையாகக் கிடக்காமல் என் கண் முன்னாலேயே போனார். அந்தப் பயம் அன்றோடு விட்டது. காரியங்களெல்லாம் முடியும்வரை நன்றாகவே தூங்கினேன். மெஹபூப் அலியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. எங்கள் வீட்டுக்கு ஒரு போன் போட முடியுமா? சாய்நாத் இன்றைக்குத்தான் மறுபடி காலேஜுக்குக் கிளம்பினான், கிண்டி வழியாக, அப்பாவுடைய ஸ்கூட்டரில். இந்நேரம் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரமாக எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்கிறது. அந்த மெஷினை இப்போதைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று மெஹபூப் அலியிடம் சொல்லிவிடுங்கள்.